முதல் போட்டைப் பிடித்தும் தாமதம்

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கான உதவிக் குழுவில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். என் வெற்றிகளைத் தொகுத்து எழுதலாமென்று உற்சாகமாக உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. அதிலும் பாதி என் மனைவி சொன்ன யோசனை. ஆகவே மீதிப் பக்கங்களுக்கு நான் சொதப்பியதைத்தான் எழுதவேண்டும். அதற்குச் சரக்குப் பஞ்சமில்லை.

நான் இந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஆன கதை சிறியது. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர், "இந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம் அது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து தூங்குகிறவனுக்குத் தலை முன்னே விழும் அல்லவா? அதைச் சம்மதம் என்று முதல்வர் எடுத்துக்கொண்டார். கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன்.

முதல் காரியமாக, ஏரிப்பக்கத்து ஊர்களிலிருந்து போட் ஏறி வரும் பிள்ளைகளை ஒரு வகுப்பறையில் கூட்டி உரையாற்றினேன். வணிகவியல் ஆசிரியன் பேச்சில் வரக்கூடாத எல்லாம் அதில் வந்தன. வானம் வந்தது, சிறகு வந்தது, சிகரம் இரண்டு முறை வந்தது. முடித்துவிட்டு, "தயங்காமல் கேள்வி கேளுங்கள்" என்றேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சார், இந்த பஸ்ஸ வுட்டா அந்தாண்ட போட்டு கெடைக்காது. போவலாமா?"

இதை ஆசிரியர் அறையில் போய் நகைச்சுவையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழுவில் நான் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கால்வாசி விஷயம் அவன் கேட்ட கேள்வியிலேயே இருந்தது. நான் அதைச் சிரிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

இனி கௌசல்யாவின் கதைக்கு வருகிறேன்.

கௌசல்யா பி.காம். இரண்டாம் ஆண்டு. பசியாவரத்துப் பெண். பழவேற்காட்டு ஏரிக்குள் தீவுபோல இருக்கிற ஊர் அது. பாலம் வரும் வரும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். போட்டில் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டி எங்கள் கல்லூரிக்கு வரவேண்டும். முதலாண்டில் நன்றாகப் படித்த பெண். கணக்கு நேராகாவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போடுவாள். பக்கத்து நோட்டைப் பார்க்கமாட்டாள். இரண்டாம் ஆண்டு மழைக்காலம் தொடங்கியதும் அவள் வகுப்பில் இல்லை. ஒருநாள் தலைகாட்டுவாள், பிறகு பல நாள் வரமாட்டாள்.

ஆசிரியர் அறையில் விசாரித்தேன். ஒரு நண்பர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலேயே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டாம் வருஷம், பொம்பளப் புள்ள, கிராமம். வேறென்ன சார், கல்யாணம்தான்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தடுத்து நிறுத்த ஒரு கல்யாணம் கிடைத்துவிட்டது! வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை வணிகவியல் ஆசிரியர்களுக்குக் கிடைக்கும்? அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவளோடு பஸ்ஸில் வருகிற பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம். நான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை அரைநாள் வகுப்பு முடிந்ததும், பெண்கல்வியைப் பற்றி ஓர் உரையை மனப்பாடம் செய்தபடி பசியாவரத்துக்குக் கிளம்பினேன்.

போட் கரையைத் தொட்டதும் வீரமாகக் குதித்தேன். மற்றவர்கள் ஏன் குதிக்காமல் பக்கவாட்டில் மெல்ல இறங்குகிறார்கள் என்று பார்த்திருக்கவேண்டும். முழங்கால்வரை சேறு. கால் வந்தது, ஒரு செருப்பு வரவில்லை. போட்காரர் துழாவிப் பார்த்துவிட்டு, "அது போச்சு சார். இன்னொன்னையும் போட்டுட்டுப் போங்க, ஜோடியாவாச்சும் கெடக்கும்" என்றார். வெறுங்காலோடு, ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் கறுப்புமான வேட்டியோடு, பின்னால் பத்துப் பதினைந்து குழந்தைகள் தொடர, ஊருக்குள் நுழைந்தேன்.

கௌசல்யாவின் வீட்டு வாசலை நெருங்கியதும் எனக்குப் பகீரென்றது. பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம்கூடக் கட்டியாயிற்று. ஒருநாள் தாமதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அப்பா ஏழுமலை, ராத்திரி வலைக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்கள். காலேஜ் வாத்தியார் என்றதும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் வந்தது, சோடாக் கலர் வந்தது. அவளுடைய அம்மா தனம் கதவோரம் வந்து நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு நல்ல சபை எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

உரையைத் தொடங்கினேன். ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்ததுபோல என்றேன். ஏழுமலை, "சரி சார்" என்றார். அவசரப்பட்டு அவள் வாழ்க்கையைச் சுருக்கிவிடாதீர்கள் என்றேன். "ஆவட்டும் சார்" என்றார். இவ்வளவு சுலபமாக இறங்கிவருகிறாரே என்று எனக்கே வியப்பு.

"இன்னும் ஒன்றரை வருஷம்தான். டிகிரி முடியட்டும். கல்யாணம் எங்கே போய்விடப் போகிறது?"

"யாருக்கு சார் கல்யாணம்?"

நான் பந்தலைக் காட்டினேன்.

"அதுவா! எங்க அண்ணன் பேத்திக்கு நாளைக்குக் காது குத்தறாங்கோ சார்."

வாசலில் நின்ற பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "கொளந்தைக்கு ஒரு வயசுதான் சார் ஆவுது, இப்பவே வாணாம்னு சொல்லிட்றோம்" என்றாள். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏழுமலையும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மானம் போனாலும் மனசு லேசாகிவிட்டது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள், வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"அப்புறம் ஏன் அவள் காலேஜுக்கே வருவதில்லை?"

நண்பர்களே, உங்களில் யாராவது இந்தப் பக்கங்களில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதிலேயே மோசமான கேள்வி அது.

சிரிப்பு நின்றுவிட்டது. வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வர்றதில்லியா?" என்றார் தனம். "காலைல கெளம்பிப் போனாளே. இன்னிக்கும் டிபன் கட்டிக் குடுத்தனே. தெனமும் போறாளே சார்."

ஏழுமலை எழுந்துவிட்டார். "இன்னா வேடிக்க? போங்க எல்லாரும் வூட்டுக்கு" என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நாலடி தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். பிறகு என்னிடம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார். "அப்ப எங்க சார் போறா?"

எனக்குத் தெரியாது. நான் எதற்காக வந்தேனோ அந்தக் காரணம் அங்கே இல்லை. அங்கே இல்லாத ஒரு கேள்வியை நான் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டேன். ஒரு பெண் தினமும் காலையில் புறப்பட்டுப் போகிறாள், கல்லூரிக்குப் போகவில்லை, சாயங்காலம் திரும்பி வருகிறாள். அந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இதற்கு எல்லோர் மனதிலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். அது என் மனதிலும் வந்தது.

எனக்கு முன்னால் எங்கள் கல்லூரியில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னார்: "பதில் தெரியாத கேள்வியைப் பெத்தவங்க முன்னாடி கேக்காதீங்க. பிள்ளையத் தனியாக் கேளுங்க. பொய்யே சொன்னாலும் அது உங்களோட போயிடும்." இதை நான் பல பயிலரங்குகளில் என் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஒருநாள் மட்டும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த போட் வந்தது. கௌசல்யா புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்துவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"காலேஜி வுட்டாச்சா?" என்று கேட்டார் ஏழுமலை.

அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சாரு உன்னப் பத்தி இன்னாவோ சொல்றாரு. கேளுங்க சார். எல்லார் முன்னாடியும் கேளுங்க. அவளே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மூத்த ஆசிரியை சொன்னது அப்போதுதான், தாமதமாக, எனக்கு நினைவு வந்தது. கேட்டால் இந்தக் கூட்டத்தின் முன்னால் ஏதோ ஒன்று வெளியே வரும். கேட்காமல் நான் போய்விட்டால், நான் போன பிறகு அது வரும். இரண்டும் அவளுக்கு நல்லதல்ல.

"நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை" என்றேன். "நாளை மறுநாள் காலையில் நான் இங்கே வருகிறேன். அவள் எப்படிப் போகிறாளோ அப்படியே அவளோடு நானும் வருகிறேன். நீங்களும் வாங்க. எங்கே தடங்கல் என்று நேரிலேயே பார்த்துவிடுவோம். அதுவரைக்கும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவேண்டாம். கையும் நீட்டவேண்டாம்."

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்பொண்ண நான் ஒருநாளும் அடிச்சதில்ல சார்."

இப்படியாக, ஒரே மாலையில் அவருக்கு நான் செய்த இரண்டாவது அவமானமும் முடிந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். கௌசல்யா தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சார், மொத போட்டுக்கு வந்துடுங்க. ரெண்டாவதுன்னா வேஸ்ட்டு."

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையிலேயே யாராவது ஒரு பையன் இருந்துவிட்டால் என்ன செய்வது? அப்பாவின் கையைப் பிடித்து நானே கூட்டிப்போய் அவர் கண் முன்னால் நிறுத்தியதாகிவிடும். யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். யோசித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. என் மனைவி மட்டும், "மொத போட்டுன்னு சொன்ன பொண்ணு பையனப் பாக்கப் போறவளா இருக்கமாட்டா" என்றாள். எனக்கு அது புரிய இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத வேளையில் பழவேற்காட்டில் மீன் ஏற்றப் போகிற போட்டில் தொற்றிக்கொண்டு பசியாவரம் போனேன். அதுதான் திரும்பி வரும்போது 'முதல் போட்'. இந்த முறை பக்கவாட்டில் மெல்ல இறங்கினேன். ஏழுமலை சலவைச் சட்டை போட்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன, இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. கேள்வி கேட்கவேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காப்பாற்றியிருந்தார். அப்பாவும் மகளும் அந்த இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று தனம் பிறகு சொன்னார். என் நிபந்தனைகள் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

போட்டில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். போட் கிளம்பவில்லை. இறால் கூடைகள் வரவேண்டும். போட் மீன் வியாபாரிக்காக வருகிறது, பிள்ளைகள் ஓசியில் ஏறிக்கொள்கிறார்கள். அன்றைக்கு வலை எடுக்கத் தாமதமாகியிருந்தது. கூடைகள் வந்து, ஐஸ் போட்டு, அடுக்கி, கிளம்பினால் எதிரே வாடைக் காற்று. பாதி தூரத்தில் தரை தட்டியது. ஏழுமலையும் இன்னும் சிலரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கப் போனேன். "சாரு, நீங்க ஏறிக் குந்துங்க, உங்கள வேற தள்ளணும்" என்றார் போட்காரர்.

கரை சேர்ந்ததும் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்பதற்குள் நானும் ஓடிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. படியில் தொங்கியவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்தார், ஏழுமலை கீழேயிருந்து என்னை ஒரு மூட்டையைப்போலத் தூக்கி உள்ளே தள்ளினார். கௌசல்யா எப்போதோ ஏறி, கூட்டத்துக்குள் ஒரு கம்பியைப் பிடித்து, இன்னொரு கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். திருப்பாலைவனத்தில் நடவுக்குப் போகிற பெண்கள் ஏறியபோது பஸ் மூச்சுவிட முடியாமல் நின்றது. இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் சண்டை வந்து, தீர்ந்து, பஸ் நகர்ந்தது.

கல்லூரி வாசலுக்கு வந்தோம். கேட் சாத்தியிருந்தது.

இந்தக் கல்லூரியில் எத்தனையோ ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஆனால் தினமும் ஸ்கூட்டரில் பின்பக்கத்து ஆசிரியர் வழியாகப் போகிறவன். முன் கேட்டைச் சாத்துகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது தெரியும். 'ஒழுங்குக்கு நல்லதுதான்' என்று கையெழுத்துப் போட்டதும் நினைவிருக்கிறது. சாத்திய கேட் வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் மணி அடித்த பிறகு வந்தால் அன்று முழுக்க உள்ளே விடமாட்டார்கள். சில முறை தாமதமானால் பெற்றோரை அழைத்து வரவேண்டும்.

வாட்ச்மேன் கஜேந்திரன் என்னைக் கவனிக்கவில்லை. கௌசல்யாவைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கும் மிஸ்ஸாயிடுச்சா? போ, லைப்ரரி தொறந்துட்டாங்கோ. ஃபேனுக்குக் கீழ எடம் புடிச்சிக்கோ."

ஏழுமலை முன்னால் வந்தார். "அண்ணே, இந்தப் பொண்ணு தெனமும் இங்க வருதா?"

"நீங்க யாரு?"

"அதோட நைனா."

கஜேந்திரன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "ஒருநாள் வுடாம வரும்ணே. மொதல்ல எல்லாம் கம்பியப் புடிச்சிகினு அழுவும். நான் இன்னா பண்றது, வுட்டா என் வேல பூடும். அப்பறம் அழுவறத வுட்டுச்சு. எதிர்ல பொது லைப்ரரில போயி குந்தும். சாயங்காலம் வரைக்கும் படிக்கும். பாட்டில்ல தண்ணி ரொப்பிக்க மட்டும் இங்க வரும். வகுப்புல இன்னா நடந்துச்சுன்னு வெளிய வர்ற பசங்களக் கேட்டு எழுதிக்கும்."

ஏழுமலை மகள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"உன்ன இட்டுகினு வரச் சொன்னாங்க. சொன்னா, இவ்ளோ பேஜாரு எதுக்கு, நின்னுடுன்னு சொல்லுவ."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவில்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு நாளாகக் கட்டிவைத்திருந்த மூச்சை அவர் விட்டது எனக்குக் கேட்டது. நான் திரும்பி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அதில் தூசி ஒன்றும் இல்லை.

பிறகு வீரம் வந்தது எனக்கு. வந்திருக்கக்கூடாது. நேரே முதல்வர் அறைக்குப் போய்க் குரலை உயர்த்தினேன். கடல்போல இருக்கிற ஏரியைத் தாண்டி வருகிற பிள்ளையை ஒரு கேட்டால் தடுக்கிறீர்களே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒருத்தரை விட்டால் எல்லோரையும் விடவேண்டும். பஸ் ஸ்டாண்டில் சினிமா பேசிக்கொண்டு நிற்கிறவனையும் விடவேண்டும். அதற்கென்ன சொல்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன்: "அப்படியானால் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்!"

"சரி" என்றார் முதல்வர்.

அந்த 'சரி' வந்த வேகம் எனக்கு இன்றும் வலிக்கிறது. இளையவர்களே, யாருக்கும் வேண்டாத பதவியை விட்டுவிடுவேன் என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள்.

வெளியே வந்தால் வராந்தாவில் ஏழுமலை நின்றார். பெற்றோர் வந்தால் உள்ளே விடவேண்டும் என்பது விதி. பெற்றோர் வந்துவிட்டார், கஜேந்திரன் விட்டுவிட்டார். நான் தடுப்பதற்குள் அவர் முதல்வர் அறைக்குள் போனார். "இனிமே உங்க பொண்ணு நேரத்துக்கு வருவாளா?" என்று முதல்வர் கேட்டார். "கரீட்டா வரும் சார்" என்று ஏழுமலை கூசாமல் சொன்னார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார். கௌசல்யா அடுத்த மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் அரை மணி நேரம் கத்தி வாங்காததை அவர் ஒரு பொய்யில் வாங்கிவிட்டார்.

"எப்படி ஐயா நேரத்துக்கு வருவாள்? காற்று இப்படி அடிக்கிறதே?" என்று கேட்டேன்.

"அது நாளைக்கிப் பாத்துக்கலாம் சார். இன்னிக்கு உள்ள பூந்தாச்சு இல்ல?"

மறுநாள் அவள் மறுபடியும் தாமதம். ஆனால் அன்று விடியற்காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. "சார், ஏழுமல பேசறேன். வாட ஜாஸ்தியா கீது. பசங்க லேட்டாத்தான் வருவாங்கோ." அதை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன். இந்த முறை உரை கிடையாது. இந்தப் பிள்ளைகள் சினிமா பேசிக்கொண்டு நிற்கவில்லை என்பதற்கு விடியும்போதே ஆள் சாட்சி இருக்கிறது, அப்படிப்பட்ட நாளில் மட்டும் இரண்டாம் மணிக்கு அவர்களை விடலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு வாரம் தானே முன் கேட்டில் வந்து நின்றார். மூச்சிரைக்க ஓடிவருகிற பிள்ளைகளையும், டீக்கடையிலிருந்து ஆடி அசைந்து வருகிறவர்களையும் தனித்தனியாகப் பார்த்தார். பிறகு, "உங்கள் பொறுப்பில்" என்றார்.

"நான்தான் விலகிவிட்டேனே சார்?"

"எங்கே, எழுதியா கொடுத்தீர்கள்?"

இப்படி மறுபடியும் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். இந்த முறை விழித்திருக்கும்போது.

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்திருக்கும். முடியவில்லை. அதுவரை இழந்த நாட்கள் திரும்பவில்லை. தேர்வு எழுதத் தேவையான வருகை அவளுக்கு இல்லை. நண்பர்கள் வழக்கமான வழியைச் சொன்னார்கள்: மருத்துவச் சான்றிதழ். நான் கௌசல்யாவைக் கூப்பிட்டு, தனியாகத்தான், சொன்னேன். "மஞ்சள் காமாலை என்று ஒரு டாக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் செய்வதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் தெனமும் வந்தேன் சார். வந்தவள வரல, சீக்காக் கெடந்தேன்னு எழுதித் தரச் சொல்றீங்களா?"

வந்த நாட்களுக்கு லைப்ரரியிலும் வாட்ச்மேனிடமும் சாட்சி இருக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தோம். வகுப்புக்குள் இருந்தால்தான் வருகை என்று பதில் வந்தது. அந்தப் பருவத்துத் தாள்களை அவள் அடுத்த வருஷம், தன்னைவிட இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதவேண்டியதாயிற்று. அதைச் சொல்ல நான்தான் போனேன். திட்டுவாள், அழுவாள் என்று தயாராகப் போனேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"எங்க வூட்டுக்கு வந்தீங்களே சார், அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு நேராகாத இடத்தைக் காட்டுவதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் அதுதான் சரியானது. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால், ஏன் என்று உங்களுக்குள்ளேயே முடிவுசெய்துகொண்டு காத்திருக்காதீர்கள். அதே வாரம் போய், தனியாக, அந்தப் பிள்ளையையே கேளுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

கௌசல்யா எழுதினாள், தேறினாள். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணமும் ஆயிற்று. பத்திரிகை கொடுக்க வந்தபோது, "இது உண்மையான பந்தல் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஏழுமலையின் போன் மட்டும் நிற்கவில்லை. மகள் படித்து முடித்த பிறகும், காற்று மாறுகிற நாட்களில், விடிவதற்குள் அடிப்பார். அவர் சொல்கிற வானிலையில் பாதி தப்பாகப் போகும். லேட்டாகும் என்பார், பிள்ளைகள் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஆனாலும் அந்தப் போனை நம்பித்தான் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வரை பலர் இரண்டாம் மணிக்கு உள்ளே வந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற மறுவாரம், வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். போன் அடித்தது.

"சார், ஏழுமல. இன்னிக்கித் தண்ணி கொறவா கீது. போட்டு தட்டும். பசங்க லேட்டு."

"ஏழுமலை, நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். மாலையெல்லாம் போட்டு அனுப்பிவைத்துவிட்டார்கள்."

"தெரியும் சார். பொண்ணு சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் எனக்கு அடிக்கிறீங்க?"

"வேற யாரு நம்பரு கீது எங்கிட்ட?"

எழுந்து முதல்வர் அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். அதற்குப் பிறகும் செய்துகொண்டிருக்கிறேன். காது முன்போலக் கேட்பதில்லை. போன மாதம் 'வாடை' என்றதை 'வாடகை' என்று கேட்டு, அவரோடு நெடுநேரம் சண்டை போட்டேன். அவரும் விடுவதாக இல்லை. அடுத்த மழைக்காலம் வரப்போகிறது. உங்களில் ஒருவருடைய நம்பரை நான் அவருக்குக் கொடுக்கவேண்டும். யாருடையது என்று இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். அவர் ரொம்பச் சீக்கிரம் எழுந்துவிடுகிறவர், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.